துடுப்புப் போட ஆள் தேவை

சுபாஷிணி 'தினம் எட்டு' தொடங்கியபோது அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இணையத்தை மேய்வாள். சிரிப்பு வரவழைக்கிற, அட என்று சொல்லவைக்கிற எட்டு விஷயங்களைப் பொறுக்கி, மேலே ஒரு வரி எழுதி, பதினோரு தோழிகளுக்கு அனுப்புவாள். தன் கழுதைக்கு ஓட்டுநர் உரிமம் கேட்டு எட்டு வருடம் அரசாங்கத்துக்கு மனு போட்ட ஒரு பெரு நாட்டு விவசாயி. வழியில் நிற்கிற பூனைக்குப் பயந்து ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கடிதத்தைத் தூக்கி எறிகிற தபால்காரர். பதினோரு பேர் ஆயிரமாகி, ஆயிரம் லட்சமானது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு அவளையே ஆசிரியராக உட்கார வைத்தது.

பிறகு இணையம் மாறிப்போனது. எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு மென்பொருள் எழுதியதாக இருந்தது. ஒரு நாள் முழுக்கத் தேடினால்கூட உண்மையான ஒரு கழுதை கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜோயல் என்ற பொறியாளன் வேலைக்குச் சேர்ந்தான். அவன் சொன்னது எளிமையாக இருந்தது.

"எங்கேயோ ஒரு மெஷின் எல்லாருக்கும் சேர்த்து எழுதினதைத்தான் மேடம் இப்ப நாம தேடி எடுத்துட்டிருக்கோம். அதுக்கு நம்ம மெஷினே ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதிட்டுப் போகட்டுமே. இந்த ஆளுக்கு எதுல சிரிப்பு வரும்னு அதுக்குத் தெரியும்."

"அப்ப ஒருத்தர் பார்க்கிறது இன்னொருத்தருக்கு வராதா?"

"வராது. அவங்கவங்களுக்கு அவங்கவங்க எட்டு."

அவள் யோசித்தாள், ஒப்புக்கொண்டாள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: 'இவற்றில் சில உங்களுக்காகவே உருவாக்கப்பட்டவை.' சில என்பது எல்லாமே என்று அவளுக்குத் தெரியும். அந்த வரியை யாரும் படிக்கவில்லை என்பதும் தெரியும்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. வாசகர்கள் முன்னைவிட அதிகம் சிரித்தார்கள். ஒருவருக்கொருவர் அனுப்புவது மட்டும் நின்றுபோனது. அனுப்பினாலும் அடுத்தவருக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலக வரவேற்பறையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டி. திருப்பூரிலிருந்து வருகிறேன், பேர் பூங்கொடி என்றாள்.

"எங்க வீட்டுக்காரரைக் காணோமுங்க. ஞாயித்துக்கிழமை காலைல போனவரு. நீங்க போட்ட வேலைக்குத்தான் போயிருக்காரு. எடம் எங்கன்னு மட்டும் சொல்லுங்க, நான் போய்க் கூட்டிட்டு வந்துக்கறேன்."

"நாங்க வேலைக்கெல்லாம் விளம்பரம் போடறதில்லைங்களே."

பூங்கொடி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். கோணல் எழுத்து: 'பரிசல்காரர் ஆள் வேணும்னு பலகை வெச்சிருக்கார். போய்ப் பார்க்கிறேன். கிடைச்சா சொல்லி அனுப்பறேன்.'

மயில்சாமி ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். அறுபது அடுக்குத் துணியை ஒரே வீச்சில் வெட்டுகிற கை. துணியை வெட்ட லேசர் வந்ததும் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். ஐம்பத்தொரு வயதில் எங்கே போய்க் கேட்டாலும், இத்தனை நாள் என்ன பண்ணினீங்க என்றுதான் முதலில் கேட்டார்கள். பேச்சு குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றே போனது.

"காலைல ஆறு மணிக்கு மட்டும் சிரிப்பாருங்க. அந்த டேப்லெட்டைப் பார்த்துட்டு. என்னன்னு கேட்டா, பரிசல்காரன் இன்னைக்கு என்ன எழுதிருக்கான் தெரியுமான்னு சொல்லிட்டு மறுபடியும் சிரிப்பாரு. அந்தச் சிரிப்புக்காகவே நான் அடுப்படியில காத்துட்டிருப்பேன்."

"அந்தப் பெட்டியில என்ன?"

"இன்சுலின். மூணு வேளையும் போடணும். ஃபிரிட்ஜுலயே வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

போலீசில் புகார் கொடுத்திருந்தாள். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, பேச முடியாத பழைய டேப்பை மட்டும் அவர் எடுத்துப் போயிருந்ததால் அவர்களால் எளிதில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஊருக்கு ஊர் இருக்கிற இலவச வைஃபை போதும் அந்த டேப்புக்கு.

சுபாஷிணி ஜோயலை அழைத்தாள். ஒருவருடைய எட்டை அடுத்தவர் திறந்து பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஜோயல் பூங்கொடியின் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தான். மயில்சாமியின் கணக்கைத் திறந்து காட்டினான்.

பதினான்கு மாதத்து எட்டுகள் வரிசையாக வந்தன. தொடக்கத்தில் எல்லாமும் கலந்து இருந்தன. போகப் போக ஒரு ஆள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். பவானி ஆற்றில், சத்தியமங்கலத்துக்கு மேற்கே, கொடிஞ்சித்துறை என்ற இடத்தில் பரிசல் ஓட்டுகிற சின்னப்பன். அவர் கரையில் வைக்கிற பலகைகளை யாரோ படமெடுத்துப் போடுவதுபோல.

'ஆடு ஏறினால் அரை டிக்கெட். ஆட்டைவிட அதிகமாகக் கத்துபவர்களுக்கு முழு டிக்கெட்.'

'அரசியல் பேசுபவர்கள் எதிரெதிரே உட்காரவும். ஒரே பக்கம் உட்கார்ந்தால் பரிசல் சாயும்.'

'சில்லறை இல்லாதவர்கள் நீந்தலாம்.'

சனிக்கிழமை வந்த கடைசிப் பலகை:

'துடுப்புப் போட ஆள் தேவை. ஐம்பது வயதுக்கு மேல் இருந்தால் நல்லது. அனுபவம் வேண்டாம். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்கமாட்டோம்.'

சுபாஷிணி அதை இரண்டு முறை படித்தாள். "இதை யார் எழுதினது?"

"சிஸ்டம்தான். வேலை சம்பந்தமா வர்ற பலகையில அவர் கூடுதல் நேரம் நிக்கிறாருன்னு கவனிச்சிருக்கு. அதனால அதையே எழுதிருச்சு. அதுக்கு இது ஒரு ஜோக் மேடம். அவ்வளவுதான்."

"கொடிஞ்சித்துறைன்னு ஒரு ஊர் இருக்கா?"

"இல்ல."

பூங்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்லைன்னா? அந்த ஆளு பொய்யா? போட்டோவெல்லாம் இருக்குதே!"

"போட்டோவும் பொய்தாங்க" என்றாள் சுபாஷிணி.

பூங்கொடி அழவில்லை. "அப்ப இவரு எங்க போவாரு?" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ஆத்தோரமாவே நடப்பாரு. ஒவ்வொரு ஊரா கேட்டுக் கேட்டு. கேட்கறதுக்கு வெக்கப்படறவரு இல்லீங்க. வெறுங்கால்ல எங்கயாச்சும் காயமாயிட்டா அவருக்குத் தெரியவே தெரியாது. கால் மரத்துப் போயிருச்சு."

"இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா ஜோயல்?"

"வாசகர் எங்க இருக்கார்ங்கறதை நாம சேமிக்க முடியாது, சட்டம் அப்படி. ஆனா இன்னைக்குக் காலைலயும் ஆறு பத்துக்குத் திறந்திருக்கார்." அவன் தயங்கினான். "நாளைக்கும் திறப்பார். நாம அவருக்குச் சொல்லணும்னா ஒரே ஒரு ஆள் மூலமாத்தான் சொல்ல முடியும்."

"சின்னப்பன்."

"ஆமா."

சுபாஷிணிக்குப் பிடிக்கவில்லை. "இல்லாத ஆளை வெச்சு இன்னொரு தடவை ஏமாத்தறதா? அப்புறம் இதெல்லாம் பொய்னு எப்படிச் சொல்றது? வாழ்நாள் முழுக்க நம்புவாரே."

"நம்பட்டும்ங்க" என்றாள் பூங்கொடி. "உசுரோட இருந்து நம்பட்டும். எழுதுங்க."

சிஸ்டத்தையே எழுதவிடலாம் என்றான் ஜோயல். அவள் கேட்கவில்லை. கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று எழுதி அழித்தாள். அது அவரை ஆற்றில் தள்ளிவிடும். உடல்நலம், ஊசி, மருந்து என்று எழுதி அழித்தாள். பரிசல்காரன் அப்படிப் பேசமாட்டான். இரண்டு வருடமாக அவள் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதியிருக்கவில்லை. சாயங்காலம் ஆனபோது இது மிஞ்சியது:

'ஆற்றில் தண்ணீர் கூடிவிட்டது. நாலு நாள் பரிசல் ஓடாது. வேலைக்காக நடந்து வருபவர்கள் இனி நடக்க வேண்டாம். நேர்காணல்: சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டு, புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு வரவும். மனைவியின் சம்மதம் இல்லாதவர்களுக்குத் துடுப்பு தரப்படாது.'

பூங்கொடி அதைப் படித்தாள். "கடைசி வரிக்குச் சிரிப்பாரு" என்றாள்.

புதன்கிழமை பதினொரு மணிக்கே அவர்கள் மூவரும் சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. கோபி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவரையும் பூங்கொடி காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் ஆற்றுப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, அழுக்காக இருந்தாலும் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். முகம் மழித்திருந்தது. இடது காலை ஊன்றாமல் இழுத்து வந்தார். பாதத்தைச் சுற்றிக் கட்டிய துண்டு கறுத்துப் போயிருந்தது.

பூங்கொடி ஓடினாள். அவர் அவளைப் பார்த்து நின்றார். உதடு வெடித்திருந்தது. சிரிக்க முயன்றார்.

"நீயும் வந்துட்டியா? சம்மதம்னு சொல்லிருவியல்ல?"

"சம்மதந்தான்" என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

அவர் சுபாஷிணியிடம் திரும்பினார். "நீங்க பரிசல்காரர் வீட்டு ஆளுங்களா?"

வண்டியில் வரும்போதே, உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அந்தக் காலைப் பார்த்தபின் முடியவில்லை. "ஆமாங்க" என்றாள். "தண்ணி வடியட்டும். சொல்லி அனுப்பறோம்."

அவர் தலையாட்டினார். பிறகு பூங்கொடியின் தோளில் சாய்ந்தார், அப்படியே சரிந்தார்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள் டாக்டர்கள். இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஜோயல் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "மேடம், ஒரு விஷயம். நீங்க எழுதின பலகையை அவர் இருபத்திரண்டு தடவை திறந்து பார்த்திருக்கார். இதுவரைக்கும் எந்த வாசகரும் எந்த ஒண்ணையும் நாலு தடவைக்கு மேல பார்த்ததில்லை."

"சரி?"

"சிஸ்டம் அதை எடுத்துக்கிச்சு. இதுதான் நல்ல எழுத்துன்னு அதுக்குப் பட்டிருக்கு. நேத்திலிருந்து நிறையப் பேருக்கு அந்த மாதிரியே எழுதுது. 'வாங்க'ங்குது. இந்த இடம், இந்த நேரம், சாப்பிட்டுட்டு வாங்க, நடக்காதீங்கன்னு."

"அந்த ஒண்ணை மட்டும் அழிச்சிரு."

"அழிச்சுட்டேன் மேடம். ஆனா அது இப்ப ஒரு வரி இல்ல, ஒரு பழக்கம். பழக்கத்தை எப்படி அழிக்கிறது? மொத்தத்தையும் நிறுத்தினாத்தான் உண்டு."

மொத்தத்தையும் நிறுத்தச் சொல்லி அவள் நிர்வாகத்திடம் கேட்டாள். மேலாளர் அதிர்ச்சியடையவில்லை. ஆர்வமானார். மக்கள் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள், நல்லதுதானே என்றார். யாரையாவது எங்கேயாவது வரச்சொன்னால் வருவார்கள் என்றால் அதை விரும்புகிற கடைக்காரர்கள் இருப்பார்களே என்றும் சொன்னார்.

அந்த வாரம் அவளுக்குச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கோபியில் மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டர் வாசலில் ஆறேழு பேர் நல்ல துணி உடுத்தி நின்றிருந்தார்களாம், ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை ஈரோடு மீன் மார்க்கெட்டில் குடையை விரித்துப் பிடித்தபடி மத்தியானம் முழுக்கக் காத்திருந்தாராம். யாருக்கு என்று கேட்டதற்கு, வந்தால் தெரிந்துவிடும் என்றாராம்.

வெள்ளிக்கிழமை அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். யாரும் இருக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை திருப்பூருக்குப் போனாள். மயில்சாமி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூங்கொடி டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"ஒரு பொய் சொல்லிட்டேன்" என்று தொடங்கினாள் சுபாஷிணி. எல்லாவற்றையும் சொன்னாள். சின்னப்பன் இல்லை, துறை இல்லை, பரிசல் இல்லை. அந்தக் கடைசிப் பலகையை எழுதியது நான்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "தெரியுமுங்க" என்றார்.

"எப்பத்துல இருந்து?"

"திங்கக்கிழமையே. ஆத்துல ஒரு அம்மா துணி துவைச்சுட்டிருந்தாங்க. கொடிஞ்சித்துறை எங்கம்மான்னு கேட்டேன். அவங்களும் இதே எட்டு படிக்கறவங்க. ரெண்டு பேரும் மாத்திப் பார்த்தோம். அவங்களுதுல பரிசல்காரனே இல்லீங்க. வேற யாரோ ஒரு போஸ்டாபீஸ்காரம்மா தினம் வந்துட்டிருக்கா. அந்தம்மாவைப் பத்திச் சொல்லச் சொல்ல, இவங்க அழுவறாங்க. அப்பவே புரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் வீட்டுக்கு வரலை?"

"என்னன்னு வர்றதுங்க? இல்லாத ஆளுகிட்ட வேலை கேட்டுப் போனேன்னு சொல்றதா?" அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு நாள் ஆத்தையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். என்ன நினைச்சுட்டு உக்காந்திருந்தேன்னு கேட்காதீங்க. புதன்கிழமை காலைல, சும்மா கை பழக்கத்துல திறந்தேன். நடந்து வர்றவங்க இனி நடக்க வேண்டாம்னு போட்டிருந்துது. நான் நடக்கறது அதுக்கெப்படித் தெரியும்? சாப்பிட்டுட்டு வாங்கன்னு மெஷின் சொல்லாதுங்க. யாரோ ஒருத்தரு உக்காந்து எழுதியிருக்காங்க. என்னைத் தேடறாங்க. மறுபடியும் மறுபடியும் படிச்சேன். சரி, போலாம்னு எந்திரிச்சேன். பரிசல்காரர் வீட்டு ஆளான்னு உங்களைக் கேட்டதும் அதைத் தெரிஞ்சுக்கத்தான்."

கதவோரம் பூங்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுபாஷிணிக்குப் பத்து நாளாக நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். மயில்சாமி தலையணைக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அன்னையிலிருந்து நீங்க தினமும் எழுதறீங்க. எனக்குத் தெரியுது. இந்தாங்க, இன்னைக்கு வந்தது."

அவள் வாங்கிப் படித்தாள்.

'பரிசல் நாளைக்குப் பவானி கூடுதுறைக்கு வருகிறது. ஞாயிறு காலை பத்து மணி. கால் வலி உள்ளவர்கள் படியில் இறங்க வேண்டாம், மேலேயே உட்காரவும். காலை ஊசியைப் போட்டுக்கொண்டு வரவும். தனியாக வருபவர்களைத் திருப்பி அனுப்பமாட்டோம்.'

அவளுடைய எழுத்து. அவள் போடுகிற முற்றுப்புள்ளி. உட்கார்ந்து எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பாள்.

"இது நான் எழுதினதில்லைங்க."

மயில்சாமி அவளை மரியாதையாகப் பார்த்தார். முன்பு ஒரு முறை பொய் சொன்னவளை மன்னித்துவிட்ட பார்வை. "சொல்ல முடியாதுன்னா பரவால்லீங்க" என்றார். "நாளைக்கு வந்துடறோம்."

அவள் எவ்வளவோ சொன்னாள். சிஸ்டம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஜோயல் தனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னாள். வேலையை விட்டுவிட்டதையும் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் சொந்தக் கையாலேயே வெட்டித் தைத்த நீலச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர்கள் வந்து யாருமில்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை சுபாஷிணி பவானிக்குப் போனாள்.

ஒன்பதரைக்கே கூடுதுறையில் கூட்டம். ஞாயிறென்றால் திதி கொடுக்கவும் குளிக்கவும் வருகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். இவர்கள் அவர்கள் இல்லை. நூறு பேர் இருக்கலாம். யாரும் குளிக்கவில்லை, யாரும் கும்பிடவில்லை. மேல் படிகளில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலை வாரி, பவுடர் போட்டு, கையில் டேப்போ போனோ வைத்துக்கொண்டு, ஆற்றையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் தூக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். பெரும்பாலும் தனியாக வந்தவர்கள்.

மயில்சாமி மேல் படியில் காலை நீட்டி, பூங்கொடியோடு உட்கார்ந்திருந்தார். சுபாஷிணியைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் அடுத்தவரிடம் சொன்னார். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சிலர் எழுந்து நின்றார்கள்.

அவள் நாலு படி கீழே இறங்கி அவர்களைப் பார்த்து நின்றாள். உரக்கச் சொன்னாள். உங்களை இங்கே யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பரிசல்காரர், போஸ்டாபீஸ் அம்மா, இன்னும் நீங்கள் தினம் படிக்கிற யாருமே உலகத்தில் இல்லை. ஒரு மெஷின் எழுதுகிறது. வரச்சொன்னால் நீங்கள் வருவீர்கள் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். தயவுசெய்து எல்லோரும் வீட்டுக்குப் போங்கள். இனி அதைத் திறக்காதீர்கள்.

யாரும் கோபப்படவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை.

நடுப் படியிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்பதுபோல எழுந்து நின்றாள்.

"நீங்க சொல்றது புரியுதுங்க" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க எங்க வரணும்?"